கனகாம்பரத்தைச் சாம்பலாக்கிய அண்ணனுக்கு

என் உயிரான அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இத்தனை நாளும் உன்னை நினைத்தால் அழுகை வரும். இப்போது ஒரு வாரமாகக் கோபம்தான் வருகிறது. இறந்தவனிடம் போய்க் கோபப்படுகிறாளே என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

உன் புகைப்படச் சங்கத்துக்காரர்கள் திண்டுக்கல்லில் ஒரு மண்டபம் பிடித்து, உன் படங்களை வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். நாற்பது படங்கள். மலைக்கோட்டைப் படிகளில் மதிய வெயில் வெட்டிப்போட்ட நிழல், நத்தம் ரோட்டுப் புளியமரத்தடியில் கறுப்பு வெள்ளையாக ஒரு சைக்கிள், ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளியின் சிவப்பு. எல்லாம் நீ பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி எடுத்தவை. எனக்கு அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமையில்தான் பூ மார்க்கெட்டுக்குப் போய்ப் பாண்டியம்மாளை நானே அழைத்தேன். சேவுகம்பட்டியிலிருந்து பூ கொண்டுவந்து விற்கிறவர். "உங்க படமும் இருக்காம்க்கா, வந்து பாருங்க" என்றேன். அவரைப் படம் எடுத்த கதையை வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்! தகரக் கூரையின் ஓட்டை வழியாக இறங்கிய வெயில், அதில் அவர் அள்ளிப் போட்ட கனகாம்பரம், வாய் கொள்ளாத சிரிப்பு.

அவர் நல்ல சேலை கட்டி, மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. முகத்தின் பாதி இருட்டு. சிரித்த வாய் அந்த இருட்டுக்குள் போய், அழுவதுபோலத் தெரிந்தது. கனகாம்பரம் சாம்பல் குவியலாகக் கிடந்தது. கீழே எழுதியிருந்ததை மகள் படித்துச் சொன்னாள்: "விடியாதவள்."

"எனக்கு என்னடி விடியல?" என்றார் பாண்டியம்மாள். "அன்னைக்கு முகூர்த்த நாளு. பூ அம்புட்டும் ஒரு மணி நேரத்துல போயிருச்சு. அந்தச் சந்தோசத்துலதான சிரிச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இப்படி இருட்டடிச்சு மாட்டுறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?"

நான் சங்கச் செயலாளரிடம் பாய்ந்தேன். "யாரு சார் இத மாத்துனது? எங்க அண்ணன் இல்லைன்னதும் என்ன வேணா செய்வீங்களா?"

அவர் போனை எடுத்து நீட்டினார். சங்கம் நடத்திய போட்டிக்கு நீ அனுப்பிய மெயில். "நாங்க ஒண்ணும் மாத்தலம்மா. அவரு அனுப்புனதே இப்படித்தான். தலைப்பும் அவரு வச்சது. பரிசு வாங்குன படம்."

அந்த இடத்தில் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாயா? பாண்டியம்மாளிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். "எங்க அண்ணன்தான்க்கா செஞ்சிருக்கு."

அவர் என்னைத் திட்டவில்லை. "நான் வாங்கிக் குடுத்த டீயக் குடிச்சிட்டுத்தானம்மா போனாரு" என்று மட்டும் சொன்னார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

ஏன் அண்ணா? கறுப்பு வெள்ளையே தப்பு என்று நான் சொல்லவில்லை. கோட்டைப் படியின் நிழலுக்கு அது பொருந்தியது. கனகாம்பரம் அள்ளுகிற கைக்கு எப்படிப் பொருந்தும்? நடுவர்களுக்குச் சோகம் பிடிக்கும் என்றா? சிரிக்கிற பொம்பளையை வைத்தால் பரிசு கிடைக்காது என்று உனக்கு யார் சொன்னது?

வீட்டுக்கு வந்து உன் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அசல் படம் அப்படியே இருந்தது. ஆரஞ்சுப் பூ, மஞ்சள் சுங்குடிச் சேலை, அவருடைய அத்தனை பல்லும். பெரிதாகப் பிரிண்ட் போட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். "பரிசுப் படத்த எடுக்க முடியாதும்மா, கலைன்னா அப்படித்தான்" என்றார் செயலாளர். "அப்ப நாப்பதையும் கழட்டுங்க சார், நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். மனுஷன் பயந்துவிட்டார். அந்தப் படம் இறங்கியது, இது ஏறியது. கீழே என் கையாலேயே எழுதினேன்: பாண்டியம்மாள், பூ வியாபாரி, சேவுகம்பட்டி.

உடனே அவருக்குப் போன் போட்டேன். "மாத்திட்டேன்க்கா. கலர்ல நல்லா இருக்கீங்க. வந்து பாருங்க."

"இருக்கட்டும்மா" என்றார். "ஒரு தடவ வந்து பாத்ததே போதும்."

அண்ணா, இதற்கு மேல் அவரிடம் நான் என்ன சொல்வேன்?

உன் படங்களில் இன்னும் எத்தனையோ முகங்கள் இருக்கின்றன. தொப்பம்பட்டியோ நத்தமோ, தேடிப் போய் ஒவ்வொருவரிடமும் படத்தைக் காட்டிக் கேட்கப்போகிறேன். வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் படம் எந்தச் சுவரிலும் ஏறாது, நீ உயிரைக் கொடுத்து எடுத்ததாக இருந்தாலும். இது சத்தியம்.

உன்னை விட்டுக்கொடுக்கவும் முடியாமல், மன்னிக்கவும் முடியாமல்,
உன் தங்கச்சி கலா