அம்மன்கிட்ட பூ கேட்டது

பிரஜோத்பத்தி வருஷம், ஆனி மாசம், வெள்ளிக்கிழம ராத்திரி.

பேரன் சண்முகம் காலேஜுல எந்தப் பட்டத்துக்குப் படிக்கிறதுன்னு வீட்ல ஒரே ரகள. அவனுக்கு செடிகொடி படிப்பு மேல உசுரு. என் மவன் கோபாலு, கெமிஸ்ட்ரி படிச்சா தோல் பதம் போட்ற ஷாப்புல ஒடனே உத்தியோகம்ன்றான். தோல் ஊறப் போட ஆவாரம்பட்ட வண்டி வந்தா கோபாலு பட்டையப் பாப்பான். பையன் அதுல ஒட்டிக்கினு வந்த பூவப் பாப்பான்.

கடசில மருமவ, அம்மன்கிட்ட பூ கேட்டுடலாம்னா. வெள்ளப் பூ வந்தா செடிகொடி, செவப்பு வந்தா கெமிஸ்ட்ரி. பொட்டலம் கட்ற வேலய என்னாண்ட போயி குடுத்தாங்க. ரெண்டுலயும் ஒவ்வொரு நந்தியாவட்டையே வெச்சிக் கட்டிட்டேன்.

கோயில்ல பூசாரி ஒண்ண எடுத்துப் பிரிச்சாரு. வெள்ள. "அம்மனே சொல்லிட்டா, இன்னா பண்றது"ன்னு மூஞ்சிய உம்முனு வெச்சிக்கினேன். இன்னொரு பொட்டலத்த தூக்கிப் போட மறந்துட்டேன்.

பொழுது சாஞ்சி சாப்புட ஒக்காந்தோம். மருமவ சோறு போட வந்தா. தலைல ரெண்டு நந்தியாவட்ட. கோபாலு அதப் பாத்தான், அப்புறம் என்னப் பாத்தான்.

"இன்னா நைனா, செவப்புப் பூ கெடைக்கலயா?"

"இப்ப எங்கடா பூக்குது?"

"நம்ம வாசல்லயே செம்பருத்தி கொத்தா பூத்துக் கெடக்குதே."

"கண்ணு மங்கிப் போச்சுடா."

கோபாலு மீசைக்குள்ள சிரிப்ப முழுங்கினான். பையன் பக்கம் திரும்பி, "திங்கக்கெழம காலேஜுக்குப் போலாம், சட்டையத் தோச்சி வெய்யி"ன்னான்.

மருமவ சிரிக்காம மோரு ஊத்துனா. அவ தெரிஞ்சிதான் வெச்சிக்கினாளோ இன்னாவோ. நாளைக்கு செம்பருத்திக்கு ரெண்டு கொடம் தண்ணி ஊத்தணும், பாவம்.