வெடுக்கென்று பேசாத அம்மா

அன்பு மகளுக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

கண்ணு, இது என் கையெழுத்து. யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. கோழி கிளறியது போல இருந்தாலும் ஒவ்வோர் எழுத்தும் நானே போட்டது. முதியோர் வகுப்பில் சேர்ந்த கதையைச் சொல்லலாம் என்றால், நீதான் போனை எடுப்பதில்லையே.

போன வாரம் டீச்சரம்மா பலகையில் ‘வெடுக்கென்று’ என்று எழுதினார். சட்டென்று, கொஞ்சம் கோபமாக, பிடுங்குகிற மாதிரி ஒன்றைச் செய்வது என்று பொருள் சொன்னார். ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார். எனக்கா பஞ்சம்? என் மனைவி வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் இஸ்திரி போட்ட சட்டையை வெடுக்கென்று பறித்தாள். தைக்கக் கொடுத்த துணி எப்போது கிடைக்கும் என்று கேட்டவரிடம் வெடுக்கென்று பதில் சொன்னாள். சிலேட்டு நிறைந்துவிட்டது. ஐயா, மத்தவங்களுக்கும் கொஞ்சம் விட்டு வையுங்க என்று டீச்சரம்மா சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பயப்படாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

மூச்சு முட்டுகிறது என்று சேர்த்தோம். இப்போது சீராகிவிட்டதாம். டாக்டர், தேறிட்டாங்க என்கிறார். இந்த வார்டுலயே உங்க வீட்டம்மா மாதிரி சமத்து யாருமில்லை என்கிறார் நர்சம்மா. ஊசி என்றால் கையை நீட்டுகிறாள். கொடுத்ததைக் குடிக்கிறாள். தெரு முழுக்கக் ‘கத்திரி’ என்று பெயர் எடுத்தவள் சமத்தாம்! அவர்களுக்கு அவளைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நேற்று வேண்டுமென்றே வீட்டிலிருந்து அவள் கத்தரிக்கோலைக் கொண்டுபோய், அவள் கண்ணெதிரிலேயே காகிதம் வெட்டினேன். துணி வெட்டுகிற கத்தரிக்கோலைக் காகிதத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். சின்ன வயசில் முதுகில் வாங்கியிருக்கிறாய். பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். பிறகு, வெட்டிக்குங்க, இனி அது யாருக்கு என்றாள்.

கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

தன்னைத் தைக்கச் சொல்லாமல் பேத்திக்குக் கடையில் கவுன் வாங்கினாய் என்று அவள் ஏதோ பேசினாள். நீ வெடுக்கென்று போனை வைத்தாய். அம்மாவும் பெண்ணும் ஒரே அச்சு. அதற்கு நான் யாரைக் குறை சொல்ல? அன்றிலிருந்து அவள் தையல் மெஷின் மேல் போட்ட துணியை எடுக்கவில்லை.

நீ சமாதானம் பேச வர வேண்டாம். அழுதுகொண்டும் வராதே. பேத்திக்கு அதே கவுனைப் போட்டுக் கூட்டிக்கொண்டு வா. விளிம்புத் தையல் கோணலாக இருந்தால் இன்னும் நல்லது. கட்டில் பக்கத்தில் நிறுத்து. அந்த விளிம்பை அவள் கை வெடுக்கென்று இழுத்துப் பார்க்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். இதைப் படித்த கையோடு கிளம்பு, கண்ணு.

நீயும் குழந்தையும் கோபம் குறையாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா