பூனை ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை

ஜனவரி 9

கடையில் ஒரு பெரியவருக்கு மூக்குக்கண்ணாடிச் சட்டம் சரிசெய்யக் குனிந்தேன், நிமிர்வதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. முதலாளி, "நாளையிலேர்ந்து உக்காந்துதான் வேலை, சொல்லிட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் கூடத்தை அடைத்துக்கொண்டு காற்றடைக்கும் நீலத் தொட்டி. இவர் பம்பை மிதித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சம் இல்லை. "நம்ம குழந்தை இதுலதான் பொறக்கப் போகுது!"

எனக்கு வந்த முதல் கவலை: தண்ணீர் கசிந்தால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

ஜனவரி 14

இயற்கைப் பிரசவ வகுப்புக்குக் கூட்டிப்போனார். நடத்துகிற அம்மாளுக்குத் தாமரையம்மா என்று பேர் வைத்திருக்கிறேன், மனதுக்குள். தாமரைப் பிரசவம் என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார். தொப்புள்கொடியை அறுக்கக் கூடாதாம். நஞ்சுக்கொடியை உப்பும் பூவும் போட்டு ஒரு பையில் கட்டி, தானாக உதிரும்வரை குழந்தையோடேயே வைத்திருக்க வேண்டுமாம். "குழந்தையோட முதல் தோழி அது." தோழியா? அதற்கு நஞ்சு என்று பேர் வைத்தவர்கள் சும்மாவா வைத்தார்கள்?

"வலின்னு ஒண்ணு கிடையாது. பயம்தான் வலி. பூனை என்ன ஆஸ்பத்திரிக்கா போகுது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். பூனை சில சமயம் குட்டியைத் தின்னவும் செய்யும். சொல்லவில்லை. உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று மட்டும் கேட்டேன். "எல்லாரும் என் குழந்தைங்கதான்" என்றார்.

ஜனவரி 15

இவர் நஞ்சுக்குப் பை தைத்துவிட்டார். வெல்வெட்டில்.

பிப்ரவரி 3

ஸ்கேன். தலை மேலே, கால் கீழே. டாக்டர் இவரைப் பார்த்தே சொன்னார்: "வீட்டுல எல்லாம் வேண்டவே வேண்டாம். வலி கண்டதும் கிளம்பி வந்துடணும்."

இவர் தாமரையம்மாவுக்குப் போன் போட்டார். "எப்பத் திரும்பணும்னு குழந்தைக்குத் தெரியும். அதுகிட்டப் பேசுங்க." இவர் என் வயிற்றில் வாய் வைத்து, ஆட்டோக்காரருக்கு வழி சொல்வதுபோல் சொன்னார்: "அப்படியே கீழ வந்து திரும்பிக்கோ, கண்ணு." சிரித்தேன். சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது.

ஆஸ்பத்திரி மேல் ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்டேன்.

"எங்கம்மாவ உள்ள கொண்டுபோனாங்க. துணியில சுத்தி வெளிய கொடுத்தாங்க. தங்கச்சிப் பாப்பாவையும்."

அப்போது இவருக்கு ஆறு வயது. அதற்கு மேல் என்ன வாதாடுவது? சரி என்றேன். வாய்தான் சொன்னது.

பிப்ரவரி 20

விலாவுக்குக் கீழே கெட்டியாக ஓர் உருண்டை. தலைதான். திரும்பவில்லை.

மார்ச் 6

ஆஸ்பத்திரி. இன்றுதான் உட்கார முடிகிறது. எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

மூன்று நாளைக்கு முன்னால், விடிந்ததும் வலி. தொட்டியில் இறங்கினேன். கூடவே இருப்பேன் என்ற தாமரையம்மா போனில்தான் இருந்தார். பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் பச்சையாக — பச்சையாக மாறியது. இவர் பதறிக் கேட்டார். "அதெல்லாம் இயற்கைதான். அவங்களப் பயப்படாம இருக்கச் சொல்லுங்க, பயம் குழந்தைக்குப் போயிடும்."

பயத்தை அடக்கிக்கொண்டேன். அந்த வீட்டில் புத்தியோடு இருந்தது அது ஒன்றுதான்.

மத்தியானம் நாத்தனார் சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். தொட்டியைப் பார்த்தார். கூடையை அப்படியே தரையில் போட்டார்.

"டேய், தூக்குடா அவள!"

"அம்மாவ அங்கதானக்கா கொன்னாங்க..."

"யாருடா கொன்னா? அம்மா ஆஸ்பத்திரி வாசலத் தாண்டறதுக்கு முன்னாலயே போயிட்டா. தானாப் பொறக்கும், தானாப் பொறக்கும்னு ரெண்டு நாள் வீட்டுல வெச்சிருந்தது அப்பாடா. நீ சின்னப் பையன், உங்கிட்ட யாரு சொல்றது?"

அந்த வலியிலும் இவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். ஈரத்தோடு என்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண். அழவில்லை.

மார்ச் 7

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். மூக்கில் குழாய், கையில் ஊசி. விரலை நீட்டினேன். பிடிக்கவில்லை.

மார்ச் 11

டாக்டர்: "உயிருக்குப் பயமில்ல. உள்ளயே மலம் கழிச்சிருக்கா, அதான் தண்ணி பச்சையாச்சு. மூளைக்குக் காத்து பத்தாமப் போயிருக்கு. போகப் போகத்தான் தெரியும்மா."

தாமரையம்மாவிடமிருந்து ஒரு செய்தி: "கடைசி நேரத்தில் நம்பிக்கையை விட்டுவிட்டீர்கள்." பதில் போடுவதற்குள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து எங்களை நீக்கியாயிற்று.

இவர் சாப்பிடுவதில்லை. திட்டவும் எனக்குத் தெம்பில்லை. திட்டினால் தேவலை என்று காத்திருக்கிறார் போல.

ஜூலை 30

தலை இன்னும் நிற்கவில்லை. கூப்பிட்டால் திரும்புகிறாள். என் குரலுக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 2

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண். எட்டாவது மாசமாம். "வகுப்புல உங்க வீடியோ காட்டினாங்கக்கா. தொட்டியில சிரிச்சுக்கிட்டே இருக்கீங்க! எனக்கு அதப் பாத்துத்தான் தைரியமே வந்துச்சு. பாப்பா நல்லா இருக்கால்ல?"

பிரசவத்தன்று காலை, வலி லேசாக இருந்தபோது இவர் எடுத்து அனுப்பியது. அதை இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பாயில் உட்கார்ந்து குழந்தையின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து போனை வாங்கினார். இத்தனை மாதத்தில் வெளி ஆட்களிடம் இவர் இதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"அட்ரஸ் சொல்றேன், எழுதிக்கோம்மா. இல்ல, பாப்பாவப் பத்தி போன்ல வேண்டாம். உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. வந்து எங்க பொண்ணப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.