ஆறுமுகத்தாயின் அபூர்வ வயிறு

நவம்பர் 5, செவ்வாய்

வயிற்று வலி என்று விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஆறுமுகத்தாய் என்ற அம்மா வந்தார். நடவு வேலைக்குப் போகிறவர். ஸ்கேனைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாய், வழக்கமான இடத்தை விட்டுவிட்டு, குடலுக்குப் போகும் குழாயிலிருந்து பிரிகிறது. பிரியும் இடத்திலேயே எலுமிச்சம்பழம் அளவுக்கு உப்பல். வெடித்தால் ஆள் ஆஸ்பத்திரி வந்து சேர்வதே சந்தேகம்.

பதினேழு வருஷமாக ரத்தக்குழாய் அறுவை செய்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மாநாட்டில் பேச என்ன தலைப்பு வைக்கலாம் என்று சாப்பிடும்போதே யோசித்தேன். அவரிடம் என்ன சொல்வது என்று யோசித்தேனா? இந்த டாக்டர் சித்ரலேகாவுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்.

நவம்பர் 6

விளக்கினேன். "லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இப்படி இருக்கும்" என்றேன், பரிசு விழுந்தவரிடம் சொல்வதுபோல. ஜூனியர் மகேஸ்வரனை வேறு கூப்பிட்டு, ஸ்கேன் படத்தைக் காட்டி, எவ்வளவு அழகு பார் என்றேன்.

ஆறுமுகத்தாய் என்னையே பார்த்தார். "உசுருக்கு ஆபத்துன்னு சொல்லுதிய. பெறவு எதுக்கு தாயி சிரிக்கிய?"

நான் எங்கே சிரித்தேன்? மகேஸ்வரன் தரையைப் பார்த்தான். சரி, சிரிச்சிருக்கேன்.

நவம்பர் 7

வார்டில் ஆறுமுகத்தாயின் படுக்கை காலி. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்.

நவம்பர் 9

போனை எடுக்கவில்லை. அவர் ஊருக்கு நானே கிளம்பினேன். வழி நெடுக வசனம் ஒத்திகை பார்த்தேன். அங்கே போனால் வயலில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருக்கிறார். அந்த உப்பலோடு! வசனமெல்லாம் மறந்துபோனது. வரப்பில் வழுக்கி, பெரிய டாக்டர் சேற்றில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "இந்த மாதிரி ஆபரேசன் நான் செஞ்சதில்ல. ஆனா செய்யாம விட்டா நீங்க பொழைக்க மாட்டிய."

கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் ஓடுதேன்?"

நவம்பர் 13

நாளை காலை ஆபரேசன். படத்தை மறுபடி மறுபடி பார்க்கிறேன். அழகாக ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் 14

ஐந்து மணி நேரம். உப்பல் கணையத்தோடு ஒட்டியிருந்தது. பிரிக்கும்போது ரத்தம் பீறிட்டது. அந்த நேரம் பார்த்து மகேஸ்வரன், "மேடம், போட்டோ எடுக்கச் சொல்லட்டுமா?" என்றான். ஸ்கேன் பார்த்த அன்றே அப்படிச் சொல்லிவைத்த மகராசி நான்தான்.

"ஏலே, போட்டோவா முக்கியம்? இதப் பிடிலே."

பிடித்தான். ரத்தம் நின்றது. உப்பலை எடுத்தாயிற்று, குடலும் மண்ணீரலும் தப்பின. ஒரு படம்கூட இல்லை. மாநாட்டில் காற்றில் கையால் வரைந்து காட்ட வேண்டியதுதான்.

எழுதும்போது அழுகை வருகிறது. மாநாட்டுக்காக இல்லை.

டிசம்பர் 20

ஆறுமுகத்தாய் வந்தார். ஸ்கேன் நன்றாக இருக்கிறது. ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னேன். ஏற்கெனவே ஓடிய ஆள், வருவாரோ என்னவோ.

வாசலில் நின்று, "போயிட்டு வாரேன் தாயி" என்றார்.

நர்ஸ் முத்துராணி பதறினாள். "ஆஸ்பத்திரில அப்படிச் சொல்லப்பிடாதுல்லா."

"தெரியும்ட்டீ. ஆஸ்பத்திரிட்டயா சொன்னேன்? டாக்டரம்மாட்டல்லா சொல்லுதேன்."