கோணலாகக் கூடிய எலும்பு

அன்புள்ள அக்கா,

எங்கள் வலைப்பதிவு ஏன் திறக்க மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தாய். நான்தான் மூடச் சொன்னேன்.

அகழாய்வுக் குழுவில் ஆளுக்கொரு நாள் எழுதுவோம், உனக்குத் தெரியும். புரியாத பொருள் கிடைத்தால் படம் போட்டு, வாசகர்களை ஊகிக்கச் சொல்வோம். அந்த முன்கை எலும்பைப் போட்டது நான். எப்போதோ முறிந்து, கோணலாகக் கூடிய எலும்பு. போர்வீரன் என்றார் ஓர் ஆசிரியர். வாள்வெட்டுதான் என்று அடித்துச் சொன்னார் ஒரு பல் டாக்டர்.

வழக்கம்போல நீயும் எழுதினாய்: "வீரனாவது வெங்காயமாவது. மரத்துலேருந்து விழுந்து ஒடிச்சிருப்பான், என் பையன் வாலு மாதிரி."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மறுநாள் எலும்பைத் தூக்கினால், அடியில் ஒரு பிளாஸ்டிக் பொத்தான். வேலையை நிறுத்திவிட்டோம். போலீஸ் வந்து குழியைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. குழுத் தலைவர் என்னை மட்டும் அந்தப் பக்கம் வர வேண்டாம் என்கிறார். நீ எழுதியதை அவரும் படித்தவர்.

வாலு கோபித்துக்கொண்டுதான் வீட்டை விட்டுப் போனான், கோபம் தீர்ந்தால் வந்துவிடுவான் என்று நீ சொல்லும்போதெல்லாம் தலையாட்டியிருக்கிறேன். இப்போதும் ஆட்டுகிறேன். கை முறிந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அத்தானை வீட்டிலேயே இருக்கச் சொல். வாலுவுக்குக் கையில் கட்டுப் போட்டபோது எடுத்த எக்ஸ்ரே பீரோ மேலே இருக்குமே, அதை உறையோடு எடுத்து வை. நான் வரும்வரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

உன் தங்கை