கல்லில் ஒரு மயிரிழை

மார்ச் 4

அன்புள்ள எழுத்துக்காரிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரிக்காதே. போன ஞாயிறு கல்லறைத் தோட்டத்தில் யாரோ ஒரு கப்பல் இன்ஜினியரின் கல்லுக்கு முன்னால் நின்று மூக்கைச் சிந்தி அழுதுவிட்டேன். பூக்கூடையோடு வந்த அவர் மனைவி, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார். "ரொம்ப வேண்டியவன்" என்று நழுவினேன். அந்த அம்மாள் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்.

நம் சிட்டு பக்கத்துக் கல்லில் இருந்தாள். வாராவாரம் போகிற தகப்பனுக்கே இந்தக் கதி. எல்லாம் அவள் கல்லில் வெட்டிய, நீ வரைந்த எழுத்துரு செய்த வேலை. பத்திரிகை அட்டையில் பெரிதாக நின்றால் அதன் அழகுக்கு ஈடில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கோடு பயில்வான், அடுத்த கோடு பட்டினி. நம் கல்யாணத்தைப் பார்த்து வரைந்தாயோ என்னவோ. இப்போது கல்லில் பயில்வான்கள் மட்டும்தான் நிற்கிறார்கள். ‘ட’வில் தூண் இருக்கிறது, அடிக்கோட்டைக் காணோம். மகள் பெயரையே படிக்க முடியவில்லை.

கல் கொத்துகிறவரிடம் போனில் பேசினேன். அதன் மேலேயே தடித்த எழுத்தாக வெட்டித் தருகிறாராம். சரி என்று ஒரு வரி எழுது.

உன் பழைய தொல்லை


மார்ச் 11

சிரிப்புக்காரருக்கு,

சிரித்தேன். பிறகு வெகுநேரம் சிரிக்கவில்லை.

அந்த எழுத்துகளை அவளுடைய ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வரைந்தேன். நீங்கள் வராந்தாவில் நர்ஸ்களுக்கு ஜோக் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். மெல்லிய கோட்டை விரலால் தடவி, "இது ஒடிஞ்சிடாதாம்மா?" என்பாள். "இதுதாண்டி மத்ததைப் பிடிச்சு நிறுத்துது" என்பேன். அதன் மேல் உளி வைக்க எந்தக் கையால் சரி என்று எழுதுவேன்?

ஆனாலும் பேரில்லாமல் அவள் கிடக்கக் கூடாது. ஞாயிறு வருகிறேன். நீங்களும் வாருங்கள். பக்கத்தில் நின்று பார்த்து முடிவு செய்யலாம்.

சிட்டுவின் அம்மா


மார்ச் 14

சிட்டுவின் அம்மாவுக்கு,

ஞாயிறு என்றதும் முழங்கால் மக்கர் செய்கிறது. பத்திரிகை ஆசிரியர் வேறு கட்டுரை கேட்டுக் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார். நீ போய் வா. எது சொன்னாலும் எனக்குச் சம்மதம். இந்த ஒரு வாரம்தான் எனக்குத் தவறுகிறது.

தொல்லை


மார்ச் 18

சிட்டுவின் அப்பாவுக்கு,

கல் கொத்துகிறவரோடு போனேன். கல்லைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று, புதர் இடுப்பளவு இருந்தது. உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அடக்கத்துக்குப் பிறகு நான் அங்கே கால் வைத்தது இதுதான் முதல் தடவை. வாராவாரம் என்று மட்டும் நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். இனி எனக்கு எழுத வேண்டாம்.

கல் கொத்துகிறவர் எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உளியைப் பையில் போட்டுவிட்டு ஒரு வாளித் தண்ணீர் கேட்டார்.

ஒரு கோடும் தேயவில்லை. பாசிதான்.