ஊய்ய்னு கூப்புட்ட சக்கரம்

விழுப்புரம்,
சித்திரை, 1966.

சிங்கப்பூர்ல கீற என் மவன் சக்கரபாணிக்கு அப்பா சின்னக்கண்ணு ஆசீர்வாதம் பண்ணி எழுதறது. நான் நல்லா கீறேன், உன் தங்கச்சி வெள்ளையம்மா பச்ச ஒடம்போட நல்லா கீறா, நம்ம டாக்சிதான் படுத்த படுக்கை. நீ வேளைக்கு சாப்புடறியா, இல்ல ஒர்க்‌ஷாப்புல டீயக் குடிச்சிக்கினு எஞ்சினுக்கு அடியிலயே கெடக்கிறியா.

நீ கப்பல்ல அனுப்பின டர்போவ மொய்தீன் பிச்சை பாய்தான் மாட்டினாரு. எஞ்சின் வுடற புகையே ஒரு சக்கரத்த சுத்தும், அந்தச் சக்கரம் காத்த எஞ்சினுக்குள்ள திணிக்கும்னு நீ எழுதினத அவருக்கு படிச்சிக் காட்டினேன். செத்த மூச்ச திருப்பிக் குடுக்கிற வேலடா இது. பாய் தாடிய தடவிக்கினு, அண்ணே இது லட்சம் மைலு ஓடின கெழம், கெழவனுக்கு கல்யாணம் பண்ற மாதிரி ஆயிடப்போவுதுன்னாரு. பொண்ணு எங்க கீது பாய்னு கேட்டேன், ஸ்பேனர ஓங்கினாரு. மாட்டினப்புறம் வண்டி பறந்துச்சி, ஆனா முடுக்கினா உள்ளேர்ந்து ஊய்ய்னு ஒரு சத்தம். உங்கம்மா தையல்நாயகி என்னிக்கும் என் பேரச் சொன்னவ இல்ல, ஊய்ய்னுதான் கூப்புடுவா. அவ போயி நாலு வருசம் ஆவுது, அதே இழுவை, கடைசியில அதே கோவம்.

போன வெள்ளிக்கிழம வெள்ளையம்மாளுக்கு வலி கண்டுடிச்சி. நர்சம்மா பாத்துட்டு, கொழந்த குறுக்க கீது, திண்டிவனம் டாக்டரம்மாகிட்ட ஜல்தி போன்னுட்டாங்க. பின்சீட்டுல படுக்க வச்சிக்கினு பறந்தேன். உச்சி வெயிலு, ரோட்டுல ஈ காக்கா இல்ல, புளியமரத்து நெழலுகூட மரத்தடியிலயே பதுங்கிக்கினு இருந்துச்சி. பானெட்டுக்குள்ளேர்ந்து உங்கம்மா ஊய்ய்னு கூப்புட்டா. உச்சிவேளையில மூணு வாட்டி கூப்புட்டாதான் ஏன்னு கேக்கணும், காத்து கருப்பு ரெண்டோட நிறுத்திக்கும் இல்லியா, அதனால வாய மூடிக்கினு மிதிச்சேன். ரெண்டாவது வாட்டி. மூணாவது வாட்டி கூப்புட்டப்ப என்னையறியாம ஏன்டீன்னுட்டேன், காலு தானா பிரேக்க மிதிச்சிடிச்சி. சாவியத் திருப்பினேன். எஞ்சின் நின்னுடிச்சி, அவ நிறுத்தல. ஊய்ய்ய்னு மெல்ல மெல்ல தூரமாப் போயி அடங்கினா. வெள்ளையம்மா அந்த வலியிலயும் எழுந்து ஒக்காந்து, அம்மா எங்கப்பான்னு கேட்டா. நான் குதிச்சி எறங்கினேன். பானெட்டத் தொறந்தா ஆயில் குழாய் கழண்டு, செவந்து கெடந்த இரும்பு மேல ஆயிலு ஒழுவி பொகைஞ்சிக்கினு கெடக்குது. இன்னும் அர மைலு போயிருந்தா வண்டியோட நாங்களும் நெருப்பு. நல்ல காலம், மல்லாட்டை மூட்டை ஏத்தின லாரி ஒண்ணு வந்துச்சி, அதுல ஏத்திக்கினு போயி சேந்தேன். டாக்டரம்மா ரெண்டு உசுரையும் காப்பாத்திட்டாங்க. பொண்ணு கொழந்தடா, அழுவறதே அதிகாரமா அழுவுது.

எஞ்சின் நின்னாலும் அந்தச் சக்கரம் கொஞ்ச நேரம் சுத்தும், அதான் சத்தம்னு பாய் சொன்னாரு. சரின்னேன். அதக் கழட்டி சாக்குல கட்டி கட்டிலுக்கு அடியில போட்டாச்சி. நேத்து உச்சிவேளையில சோறு துன்னுக்கினு இருந்தேன், சாக்குக்குள்ளேர்ந்து ஊய்ய்னு ஒரு வாட்டி. கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாட்டி. கை காயற வரைக்கும் தட்டு முன்னாடியே ஒக்காந்திருந்தேன். மூணாவது வரல.

நீ நூறு வயசு நல்லா இருக்கணும். எண்ண தேய்ச்சிக் குளி, மாமன் ஆயிட்டேன்னு அங்க யாருக்குன்னா ஒரு மிட்டாயாவது வாங்கிக் குடு. ஒண்ணு மட்டும் மறக்காம எழுது, நின்னுபோன சக்கரம் எத்தினி நாளைக்கு சுத்தும்? ரொம்ப நாளு சுத்தும்னு எழுதினாலும் சரி, நான் பாய்கிட்ட காட்ட மாட்டேன்.

இப்பிடிக்கு, நாளைக்கும் உச்சிவேளையிலதான் சோறு துன்னப்போற உன் அப்பன்,
சின்னக்கண்ணு